சாமுண்டி மலை படிப் பூஜை: ஆடி வெள்ளியா, ஆஷாட வெள்ளியா? விவரம் தேவை

கொங்குச்செல்வி கேட்டது:

வணக்கம். மைசூரு சாமுண்டி மலையில் அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறி வருவதாக எங்கள் அத்தை வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆடி வெள்ளியன்றுதான் செய்ய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, நடை பழக்கம் உண்டு, ஆனால் அடிக்கடி குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆடியில் எந்த வெள்ளி விசேஷம்? மஞ்சள் குங்குமம் எவ்வளவு வாங்க வேண்டும், தூளாகவா குழைத்தா? எத்தனை மணி நேரம் ஆகும்? உத்தனஹள்ளி அம்மனையும் பார்த்தால்தான் முழுமை என்கிறார்களே, அது ஏன்? மகிஷனை வதைத்தவள் துர்க்கை, சண்ட முண்டரை வதைத்தவள் சாமுண்டி என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மகிஷன் கதை இந்த மலைக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை.

---

திதிநோக்கி பதில்:

முதலில் நாளைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மலையில் கொண்டாடுவது ஆடி வெள்ளி அல்ல, ஆஷாட வெள்ளி. நம் ஆடி சூரிய மாதம், ஜூலை 16 அல்லது 17-இல் பிறந்துவிடும். கன்னடத்து ஆஷாடம் சந்திர மாதம். அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடியும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் முன்னும் பின்னும் நகரும். இரண்டும் எப்படி விலகுகின்றன என்று பாருங்கள்:

2023-இல் ஆஷாட வெள்ளிகள் ஜூன் 23, 30, ஜூலை 7, 14. ஆடி பிறந்ததே ஜூலை 17-இல்தான். அன்றைக்கு ஆஷாட அமாவாசை. அந்த வருடம் ஆடி வெள்ளி என்று கிளம்பிப் போனவர்களுக்கு மலையில் ஒரு ஆஷாட வெள்ளிகூடக் கிடைத்திருக்காது.

2025-இல் ஜூன் 27, ஜூலை 4, 11, 18. ஆடியோடு சேர்ந்தது கடைசி வெள்ளி மட்டும்.

2026-இல் ஆஷாடத்துக்கு முந்தைய ஜேஷ்ட மாதம் அதிக மாதமாக, அதாவது கூடுதலாக ஒருமுறை, வருவதால் ஆஷாடம் பின்னுக்குத் தள்ளப்பட்டு ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 12 வரை. வெள்ளிகள் ஜூலை 17, 24, 31, ஆகஸ்ட் 7. நான்கும் ஆடிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அத்தையின் விருப்பம் இரண்டு கணக்கிலும் பொருந்துவது இப்படிப்பட்ட ஆண்டில்தான்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் வட இந்தியப் பஞ்சாங்கங்களில் மாதம் பௌர்ணமியோடு முடியும். அவர்கள் ஆஷாடம் பதினைந்து நாள் முன்பே தொடங்கிவிடும். கன்னடப் பஞ்சாங்கமோ தெலுங்குப் பஞ்சாங்கமோ பார்த்தால் பிழை வராது.

நான்கு வெள்ளியும் விசேஷம்தான், ஒவ்வொன்றுக்கும் அலங்காரம் வேறு. கூட்டம் முதல் வெள்ளியிலும் கடைசி வெள்ளியிலும் அதிகம். அதே மாதம் தேய்பிறையில் ரேவதி நட்சத்திரத்தன்று அம்மனின் வர்தந்தி, அதாவது பிறந்தநாள். உற்சவரைத் தங்கப் பல்லக்கில் வைத்துக் கோயிலைச் சுற்றி எடுத்து வருவார்கள். 2025-இல் அது ஜூலை 17, 2024-இல் ஜூலை 27. வெள்ளியைக் காட்டிலும் வர்தந்தியன்று கூட்டம் குறையும் என்று நினைத்து மாற்றிக்கொள்ள வேண்டாம், அன்றும் அதே நெரிசல்தான்.

---

படிவழி பதில்:

படிப் பூஜையைப் பற்றி நான் சொல்கிறேன்.

படிகளைக் கட்டியவர் மைசூர் மன்னர் தொட்ட தேவராஜ உடையார், 1659 முதல் 1673 வரை ஆண்டவர். பெரிய நந்தியும் அவர் காலத்தது. புத்தகங்களில் 1,000 படி, ஊர் வாயில் 1,008. பழுதுபார்த்த இடங்களையும் இடையிடையே வரும் குட்டைப் படிகளையும் சேர்த்து எண்ணினால் இன்னும் கூடும். அதனால் 1,000-க்குக் கணக்குப் போட்டு, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொட்டுக்குக் கால் கிராம் குங்குமம் தாராளம். அப்படியானால் 250 கிராம், கூடுதலோடு 275. மஞ்சளும் அதே அளவு. கிலோக் கணக்கில் வாங்கிப் போய் நந்திக்கு மேல் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டித் தீர்ப்பதைப் பார்க்கலாம். அது வேண்டுதலும் ஆகாது, பின்னால் வருகிறவர்களின் காலுக்கும் ஆபத்து.

மஞ்சளைக் குழைத்தே வையுங்கள். ஆஷாடம் அங்கே காற்றும் தூறலுமான காலம். தூள் மஞ்சள் படியில் நிற்காது, பக்கத்தில் ஏறுகிறவர் கண்ணில் விழும். கெட்டியாகக் குழைத்து, விரலில் எடுத்தால் சொட்டாத பதத்தில் வாய் அகன்ற டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மஞ்சள், அந்த ஈரத்தின்மேல் குங்குமம். ஈர மஞ்சள் பிடித்துக்கொள்வதால் குங்குமம் பறக்காது. குங்குமம் மஞ்சளும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் செய்த அசல் குங்குமமாக இருக்கட்டும். சாயப்பொடி கலந்த மலிவுச் சரக்கு மழையில் கரைந்து ஓடும், கல்லில் கறை பிடித்தால் லேசில் போகாது.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். காலை வைக்கும் மேல்தளத்தில் வைக்காதீர்கள். கருங்கல்லில் தூறலும் மஞ்சள் விழுதும் சேர்ந்தால் வழுக்கும். படியின் முகப்பில், அதாவது நம்மை நோக்கி நிற்கும் செங்குத்துப் பக்கத்தில், ஓரமாக வையுங்கள். மிதிபடாது, வழுக்காது. அத்தையின் இடுப்புக்கும் இதுவே நல்லது. நின்றிருக்கும் படிக்கு அடுத்த படியில் வைக்கப் போனால் முழுக்கக் குனிய வேண்டும். மூன்று படி மேலே உள்ள முகப்பில் வைத்தால் பாதிக் குனிவு போதும், கை எட்டும். அடிவாரத்தில் முதல் மூன்று படிகளுக்கு மட்டும் உட்கார்ந்து வைத்துவிட்டு, பிறகு இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் ஒரு படியும் விடுபடாது.

இரண்டு பேராகச் செய்தால் இன்னும் எளிது. ஒருவர் மஞ்சள், பின்னால் வருகிறவர் குங்குமம். வேண்டிக்கொண்டவர் கையால் குங்குமம் வைத்தால் போதும் என்பதே பல வீடுகளில் வழக்கம்.

நேரம்: படிக்கு ஆறு விநாடி வைத்தாலே 1,000 படிக்கு 100 நிமிடம். இளைப்பாறுவதையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். வெறுமனே ஏறுகிறவர்களுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. தொடக்கப் பகுதிதான் செங்குத்து, மூச்சு வாங்குவது அங்கேதான். ஏறக்குறைய 700-ஆவது படியில் நந்தி. அங்கே வண்டிப் பாதை குறுக்கிடுகிறது. அத்தைக்கு முடியவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், அந்த இடத்திலிருந்து சாலை வழியே போகலாம். மீதமுள்ள 300 படிகளை உடன் வந்தவர் முடித்துக்கொடுக்கலாம்.

கற்பூரத்தைப் படிக்குப் படி ஏற்றாதீர்கள். மலை முழுக்கக் காப்புக்காடு. அடிவாரத்தில் ஒன்று, நந்தி முன் ஒன்று, மேலே கோயில் முன் ஒன்று போதும். பூஜைப் பையைத் திறந்தபடி தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். குரங்குகள் தேங்காயையும் வாழைப்பழத்தையும்தான் குறிவைக்கும். பையைப் பிடுங்கும்போது வயதானவர்கள் நிலை தடுமாறுவது உண்டு. பழம் தேங்காயை மேலே கடையில் வாங்கிக்கொள்ளலாம், படியேறும்போது கையில் இரண்டு டப்பாவும் தண்ணீரும் மட்டும் இருக்கட்டும்.

---

காவிரிக்கரை பதில்:

கதையைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. தேவி மாஹாத்மியத்தில் 13 அத்தியாயங்கள். மகிஷாசுரன் மடிவது மூன்றாவதில். சண்ட முண்டர் வதம் ஏழாவதில். அம்பிகையின் நெற்றியிலிருந்து தோன்றிய காளி அவர்கள் தலைகளைக் கொண்டுவந்து கொடுக்க, அம்பிகை அவளுக்குச் சாமுண்டா என்று பெயரிடுகிறாள். எட்டாவதில் ரக்தபீஜன். நூலின்படி இவை தனித்தனி நிகழ்வுகள், தேவியின் தோற்றங்களும் தனித்தனி.

மைசூரில் இரண்டும் ஒரே மலையில் ஒன்றாகிவிட்டன. ஊரின் பெயரே மகிஷனோடு சேர்ந்தது. மூலவர் எட்டுக் கைகளோடு மகிஷனை வதைக்கும் கோலம். பிரதிஷ்டை செய்தவர் மார்க்கண்டேய முனிவர் என்று தலபுராணம். தேவி மாஹாத்மியம் மார்க்கண்டேய புராணத்தின் பகுதி என்பதை நினைத்தால் அந்தத் தொடர்பு எங்கிருந்து வந்தது என்று விளங்கும். எனவே இந்த அம்மனை நூலில் ஓர் அத்தியாயத்தில் தேடினால் கிடைக்க மாட்டாள். மகிஷமர்த்தினியும் சாமுண்டியும் உடையார்களின் குலதெய்வமும் ஒன்றாக இருக்கும் தெய்வம் அவள்.

உத்தனஹள்ளிக்கு வருகிறேன். மலையின் கீழே, நஞ்சன்கூடு சாலையை ஒட்டிய பக்கத்தில் ஜ்வாலாமுகி திரிபுரசுந்தரி கோயில். ரக்தபீஜனின் ஒவ்வொரு சொட்டு ரத்தமும் மண்ணில் விழுந்தால் அங்கே இன்னொரு ரக்தபீஜன் எழுவான். நூலில் அந்த ரத்தத்தை வாயில் ஏந்திக் குடிப்பவள் சாமுண்டாவே. மைசூர் வழக்கிலோ அந்த வேலை தங்கையான இந்த உத்தனஹள்ளி அம்மனுக்கு. அக்கா வெட்டுகிறாள், தங்கை நாக்கை நீட்டி ரத்தம் தரையில் படாமல் ஏந்துகிறாள். போரில் பாதி அவளுடையது. அதனால்தான் அக்காவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது குறை என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்கிறார்கள். முதலில் மலை, பிறகு உத்தனஹள்ளி என்ற வரிசையில் போனால் திரும்பும் வழியிலேயே முடிந்துவிடும்.

நாட்டுப்புறக் கதையில் வேறொரு சாமுண்டி இருக்கிறாள், அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். கிராமத்துப் பாடல்களில் அவள் ஏழு அக்கா தங்கைகளில் ஒருத்தி. நஞ்சன்கூட்டு நஞ்சுண்டேஸ்வரன் அவள் மேல் மையல் கொள்கிறான். அவனுக்கு வீட்டில் ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். கபினிக் கரையில் சந்திப்பு, சக்களத்திச் சண்டை, ஊடல் என்று நீளும் அந்தக் கதையை இரவு முழுக்கப் பாடுவார்கள். அசுரனை வதைத்தவளை ஆற்றங்கரையில் ஏச்சும் பேச்சும் கேட்க வைத்த துணிச்சல் அந்தப் பாடகர்களுடையது. பக்தியில் கொஞ்சமும் குறைவில்லை.

மேலே போனதும் பெரிய கோயிலோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்திலேயே மகாபலேஸ்வரர் கோயில் இருக்கிறது. மலையில் அதுதான் பழையது. மலைக்கே மகாபலகிரி என்றுதான் முந்தைய பெயர். ஏழு நிலை ராஜகோபுரம் மிகவும் பிந்தியது, 1827-இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் எழுப்பியது. அவர் தம் மனைவியரோடு கைகூப்பி நிற்கும் சிலை கோயிலுக்குள் உண்டு. 30 சமஸ்கிருதச் சுலோகங்கள் பொறித்த நட்சத்திரமாலை என்ற தங்க ஆபரணமும் அவர் சமர்ப்பித்ததே. வாளும் நாகமும் ஏந்தி வண்ணம் பூசி நிற்கும் மகிஷாசுரன் சிலை வண்டி நிறுத்துமிடத்தின் பக்கம். எல்லோரும் அங்கே படம் எடுப்பார்கள். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை.

---

கபினி பதில்:

பயண விவரம் சில.

ஆஷாட வெள்ளிகளில் சொந்த வண்டியை மேலே விடமாட்டார்கள். லலித மஹால் பக்கத்து ஹெலிபேட் மைதானத்தில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் போக வேண்டும். இதை அறியாமல் வாடகைக் காரில் வந்து அடிவாரச் சோதனைச் சாவடியில் தகராறு செய்கிறவர்கள் ஒவ்வொரு வெள்ளியும் உண்டு. நீங்கள் படியேறுவதால் உங்களுக்குக் கவலையில்லை, படி தொடங்கும் இடம் வரை ஆட்டோவில் போகலாம். இறங்குவதற்கு மட்டும் பேருந்தை நம்புங்கள். ஏறிய காலோடு படியில் இறங்கினால் முழங்கால் போய்விடும். சாதாரண நாட்களில் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து 201 என்ற எண்ணுள்ள பேருந்து மலைக்குப் போகும், சாலை வழி சுமார் 13 கிலோமீட்டர்.

ஆஷாட வெள்ளியில் விடியற்காலை அபிஷேகம் முடிந்து ஐந்தரை மணி வாக்கில் தரிசனம் தொடங்கி இரவு வரை நீளும். படியில் ஐந்து மணிக்குக் காலை வைத்தால் ஏழரை எட்டுக்கு மேலே போகலாம். பதினொரு மணிக்கு மேல்தான் வெளியூர்ப் பேருந்துகள் வந்து இறங்குகின்றன. வரிசை அதற்குப் பிறகு பிடிபடாது. அன்னதானம் ஏராளம், கேசரிபாத், பிசிபேளே, தயிர் சாதம் என்று பக்தர்களே செய்து கொடுப்பார்கள். சாப்பாடு சுமந்து போக வேண்டாம்.

சாதாரண நாளில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காலை 7.30 முதல் 2 வரை, பிறகு 3.30 முதல் 6 வரை, பிறகு 7.30 முதல் 9 வரை என்பது வழக்கமான நேரம். மாலை 6 முதல் 7.30 வரை அபிஷேகத்துக்காகத் தரிசனம் நிற்கும். ஊர் சுற்றிவிட்டு ஆறேகாலுக்கு மலையேறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். கிளம்பும் முன் கோயில் அலுவலகத்தில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

கொங்குச்செல்வி:

எல்லோருக்கும் நன்றி. ஆடியையும் ஆஷாடத்தையும் ஒன்றென்றே நினைத்திருந்தோம். படியின் முகப்பில் வைக்கும் யோசனையை அத்தையிடம் சொன்னேன், உடனே ஒத்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு கேள்வி. அம்மனுக்கு மடி நிரப்புவது என்று கர்நாடகத்தில் செய்வார்களாமே, அதற்கு என்ன கொண்டுபோக வேண்டும்? ஆஷாடத்தில் முடியாமல் போனால் நவராத்திரியில் செய்யலாமா?

---

கபினி பதில்:

மடிலக்கி என்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து புறப்படும் பெண்ணுக்கு மடியில் அரிசி இட்டு அனுப்பும் வழக்கமே அம்மனுக்கும். புது ரவிக்கைத் துணியில் பச்சரிசி, முழுத் தேங்காய் ஒன்று, வெல்ல அச்சு, வெற்றிலை பாக்கு, விரலி மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், பூ. அரிசி ஒன்றேகால் படி, இரண்டேகால் படி என்று கால் சேர்த்தே அளப்பார்கள், முழு எண்ணில் நிறுத்த மாட்டார்கள். புடவை வைப்பது அவரவர் வசதி. தேங்காயை உடைக்காமல் வைக்க வேண்டும். நம் பழக்கத்தில் உடைத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள் உண்டு.

ஆஷாட வெள்ளியில் கருவறை முன் நின்று இதையெல்லாம் பிரித்து வைக்க இடமும் நேரமும் கிடைக்காது. வீட்டிலேயே முடிச்சாகக் கட்டிக்கொண்டு போய் அர்ச்சகர் கையில் கொடுத்துவிடுங்கள். நிதானமாகச் செய்ய ஆசைப்பட்டால் உத்தனஹள்ளியில் செய்வது நல்லது, அங்கே நெருக்கடி குறைவு. புதிதாகக் கல்யாணமான பெண்கள் ஆஷாடத்தில் தாய்வீட்டில் இருப்பது கன்னட நாட்டு வழக்கம், அதனால் அந்த மாதத்தில் தாயும் மகளுமாக வந்து மடிலக்கி கொடுப்பவர்கள் அதிகம்.

---

காவிரிக்கரை பதில்:

நவராத்திரியில் படிப் பூஜை செய்யத் தடையில்லை. ஆனால் என் கருத்து, அதைத் தவிர்க்கலாம். தசராவின் தொடக்க விழாவே மலையில் அம்மனுக்குப் பூத்தூவித்தான் நடக்கும், அன்று பாதுகாப்புக் கெடுபிடி அதிகம். விஜயதசமியன்று உற்சவர் மலையில் இருக்க மாட்டார். அரண்மனைக்கு எழுந்தருளி, 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் யானை மேல் ஏறி பன்னிமண்டபம் வரை ஊர்வலம் போவார். முன்பு அந்த அம்பாரியில் மகாராஜா அமர்ந்தார். மன்னர் மானியம் ஒழிந்த பிறகு அம்மன் அமர்கிறாள். ஊர்வலத்தைப் பார்க்க வேண்டுமானால் நகரத்தில் இருங்கள், வேண்டுதலைச் செலுத்த வேண்டுமானால் அதற்கு வேறு நாள் பாருங்கள்.

விஜயதசமி முடிந்த சில நாட்களில் மலையிலேயே அம்மனுக்குத் தேர், அதற்குப் பின் தேவிகெரெ குளத்தில் தெப்பம். ஊர்க்காரர்கள் தம் திருவிழாவாக நினைப்பது இவற்றைத்தான். தேர் நாளையும் தெப்ப நாளையும் விட்டுவிட்டு அந்த வாரத்தில் ஒரு வெள்ளியோ செவ்வாயோ போகலாம்.

---

படிவழி பதில்:

அதோடு ஒன்று. வெயில் காலத்தில் போவதானால் ஒன்பதரைக்குள் நந்தியைத் தாண்டிவிட வேண்டும். வெறுங்காலோடு ஏறுகிறவர்களுக்கு அதற்கு மேல் கல் சுடும். நந்திக்கும் மஞ்சள் குங்குமம் வைக்கலாம் என்று பீடத்தில் ஏறிப் பூசாதீர்கள். ஒரே கல்லில் செதுக்கியது, 15 அடி உயரம், 24 அடி நீளம். கழுத்துச் சலங்கையும் மணிச்சரமும் எவ்வளவு நுட்பம் என்று சுற்றி வந்து பார்த்தால்தான் தெரியும். அங்கே இருக்கும் பூசாரியிடம் கொடுத்தால் அவரே சாத்துவார். கார்த்திகையில் நந்திக்குப் பால், தயிர், மஞ்சள், சந்தனம் என்று பெரிய அபிஷேகம் நடக்கும். உங்கள் பொட்டு மீதமிருந்தால் நந்திக்கு எதிர்ப்பக்கம் தொடங்கும் படிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதத்தைப் படியோரம் கொட்டாமல், மேலே கோயிலில் குங்கும அர்ச்சனைக்குக் கொடுத்துவிடலாம்.